துசியந்தன் படத்துக்கு மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

சினிமாவில் நான் பாடிய ராப்பைக் கேட்டுத்தான் சென்னையில் இந்தத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அழைத்தார்கள். நேற்று ஒரு சின்னச் சிக்கல், யோசிக்காதீர்கள். காணாமல்போன தம்பி துசியந்தனைப் பற்றிய பாட்டு என்பதால் மேடையில் அவன் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். வீட்டில் நாங்களே போடாத மாலை. பாடாமல் அதைக் கழற்றினேன்.

“மாலை இருந்தாத்தான் மேடம் ஜனங்க அழுவாங்க” என்றார் இயக்குநர்.

“அவன் செத்திட்டான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

படப்பிடிப்பு நின்றுவிட்டது. அடுத்த கிழமை திரும்ப எடுப்பார்களாம். இருப்புக் கொள்ளவில்லை, அறைக்குள்ளேயே நடக்கிறேன். அடுத்த சினிமா வாய்ப்பும் இதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்சலாவிடம் சொல்லி, தம்பி சிரிக்கிற படத்தைப் போனில் அனுப்புங்கள். அதற்கு மாலை போட யாருக்கும் கை வராது. கொஞ்சம் கருவாடும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

ஒத்திகைக்குக் கூட்டிப்போக வாகனம் வந்துவிட்டது. நிகழ்ச்சியில் நான் வராவிட்டால், மாலையை எடுக்க மறுத்துவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

மகள்,
வினோஜா