செனைதா அத்தை பார்க்க விழுங்கிய மாத்திரை

மலபோக்
1999 ஜூலை 6

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை. அம்மா தூங்கிவிட்டாள். கொசுவலைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வெளிச்சத்தின் குற்றம் என்று எடுத்துக்கொள்.

எனக்குக் காசநோய் வந்திருக்கிறது, அக்கா. கோடை விடுமுறையில் ஆரம்பித்த இருமல் நிற்கவே இல்லை. ஊர் சுகாதார நிலையத்தில் இருக்கும் மிலா அக்கா சளியை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினாள். மே மாதத்திலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், தினமும் அவள் கண் முன்னால். முதல் நாள் சிறுநீர் செந்நிறமாகப் போனதைப் பார்த்து, செத்தேன் என்று நினைத்து அழுதேன். "அது மாத்திரையோட நிறம்டி, அசடே" என்று சிரித்தாள். இப்போது இருமல் இல்லை. இனி யாருக்கும் என்னிடமிருந்து ஒட்டாது என்றும் சொல்லிவிட்டாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அம்மாதான். இப்போதுதான் வக்கீலாகியிருக்கிறாய், உன் மனதைக் கெடுக்கக் கூடாதாம்.

ஆனால் பக்கத்து வீட்டுச் செனைதா அத்தை நான் தினமும் சுகாதார நிலையத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் மீன் சந்தையில் நின்று, "அந்த வீட்டு மாவுல இருமல் கலந்திருக்கு, தெரிஞ்சு திங்கணும்னா தின்னுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்று அம்மா அரிசிமாவில் அவித்து விற்கக் கொண்டுபோன புத்தோக் கூடையை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாள். அவ்வளவு புத்தோவையும் பன்றிக்குப் போட்டோம். பன்றிக்குத்தான் கொண்டாட்டம்.

இன்னொன்று அம்மாவுக்கே தெரியாது. வகுப்பு ஆசிரியை என் நாற்காலியை வராண்டாவில் போட்டுவிட்டாள். "கொஞ்ச நாள் காத்தோட்டமா இரும்மா" என்றாள். உள்ளே பிள்ளைகள் எனக்கு 'வராண்டா ராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மழை வந்தால் சாரல் நோட்டில் அடிக்கிறது. போன வாரத்திலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி, படகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கு வகுப்புக்குள் உட்கார வேண்டும், அக்கா. வேறெதுவும் வேண்டாம். என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது. நீயாக எதுவும் செய்துவிடாதே. பதிலை மிலா அக்கா பெயருக்குப் போடு.

பயத்துடன்,
ஆர்லீன்

*

இலோய்லோ
ஜூலை 14

என் செல்லத் தங்கை ஆர்லீனுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, அழுவதைவிட உருப்படியான ஒரு வேலை செய்தேன்.

செனைதா அத்தைக்கு எங்கள் அலுவலகத்தின் பெயரில் ஒரு நோட்டீஸ் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. ஐந்து நாளுக்குள் அவள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும், தவறினால் நீதிமன்றம். என் தங்கையை வராண்டாவில் உட்கார வைக்கும்படி புரளி கிளப்புகிறவர்களுக்குச் சட்டம் என்றால் என்னவென்று தெரியட்டும்.

நீ நன்றாகச் சாப்பிடு. முட்டை தின்னு. மாத்திரையை ஒரு நாளும் விடாதே. எனக்குச் சொல்லாமல் விட்டதற்கு அம்மாவை நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா
ரோசலிந்தா

*

மலபோக்
ஜூலை 25

அக்கா,

நீயாக எதுவும் செய்துவிடாதே என்று எழுதியிருந்தேன். அந்த வரி உன் கண்ணில் படவில்லையா?

உன் நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்ததால் செனைதா அத்தை அதைத் தூக்கிக்கொண்டு முனைக் கடைக்குப் போய், படித்துச் சொல்லச் சொன்னாள். கடையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாளாம். இதுவரை அவளைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது அவள் பக்கம். "முதல்ல இருமலைப் பரப்புனாங்க, இப்ப வக்கீலை ஏவுறாங்க" என்கிறார்கள்.

ஊர்த் தலைவரான கபிதான் அம்பிரோசியோ இரவு சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டார். அம்மா எழுந்து தட்டு வைத்தாள். அவர் உட்காரவே இல்லை.

"உன் மூத்தவ பெரிய படிப்பு படிச்சுட்டா. சந்தோஷம். வேலிக்கு வேலி சண்டைன்னா முதல்ல என் வாசலுக்கு வரணும்னு அவ படிக்கலையா? நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

"எனக்கே தெரியாது, கபிதான். என்ன கடுதாசி?" என்றாள் அம்மா.

அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது, நான் பள்ளிக்கூடம் போகாததும். அம்மா என்னை அடிக்கவில்லை. "படகுக்குப் பின்னாடி மதியத்துக்கு என்னடி தின்ன?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அடித்திருக்கலாம்.

செனைதா அத்தை எங்கள் மேல் ஊர்மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டாள், மிரட்டினோம் என்று. முதல் அமர்வில் தலைவரே சமாதானம் பேசினார். அம்மாவும் அத்தையும் போட்ட சத்தத்தில், பக்கத்துத் திடலில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். தலைவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். இனி விதிப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து தேர்ந்தெடுத்த மூன்று பேர் ஆகஸ்ட் ஏழாம் தேதி சனிக்கிழமை விசாரிப்பார்கள். படகு கட்டும் சீமோன் மாமாதான் அவர்களுக்குத் தலைவர்.

அங்கே வக்கீல் வரக்கூடாது. சொந்தக்காரர் வரலாம், ஆனால் அந்தச் சொந்தக்காரரும் வக்கீலாக இருக்கக்கூடாதாம். இது உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா வாயைத் திறந்தால் சண்டை. அப்பா கப்பலில். அதனால் நான்தான் பேச வேண்டும். என்னால் வகுப்பில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே குரல் வராது.

நான் உனக்கு எழுதினேன், அக்கா. நீ செனைதா அத்தைக்குப் பதில் எழுதினாய்.

ஆர்லீன்

*

இலோய்லோ
ஆகஸ்ட் 2

ஆர்லீன்,

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றும் மனு மாதிரி இருந்தன.

நீ சொன்னது சரி. வேறென்ன எழுதுவது? கோபம் வந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்துவிட்டேன். அது அத்தை மேல் விழுந்தது, பிறகு உன் மேல்.

ஒரு வழி இருக்கிறது. அவர்கள் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு இங்கே வந்துவிடு. என் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பேசி வைத்துவிட்டேன். உன்னை அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரை இங்கேயும் கிடைக்கும். யாரும் உன்னை வராண்டாவில் போட மாட்டார்கள். நீ அந்த அறைக்குள் தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உள்ளே விடாவிட்டால் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் அப்படியே கூட்டிக்கொண்டு போகிறேன். பெட்டியைக் கட்டி வை.

அக்கா

*

மலபோக்
ஆகஸ்ட் 5

அக்கா,

வராதே. நீ மரத்தடியில் உட்கார்ந்தால் எல்லோரும் ஜன்னலையே பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

இலோய்லோவைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பெட்டி இன்னும் கட்டவில்லை. கட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதை இலோய்லோ போகும் ஜீப்னி வண்டி ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் கிடைத்துவிடும்.

ஆர்லீன்

*

மலபோக்
ஆகஸ்ட் 7

அன்பு அக்கா,

இரவு வெகுநேரமாகிவிட்டது. தூக்கமே வரவில்லை. ஆனால் இது வேறு மாதிரித் தூக்கமின்மை.

இன்றைய விசாரணையில் முதலில் செனைதா அத்தைதான் பேசினாள். இந்த முறை சத்தம் போடவில்லை. "என் புருஷன் இருமி இருமி செத்தான். சட்டி சட்டியா ரத்தம் கொட்டினது இந்தக் கைதான். நீங்க யாராவது கொட்டினீங்களா? அன்னைக்கு ஒருத்தர்கூட என் வீட்டு வாசப்படி மிதிக்கல. அப்புறம் நான் மட்டும் பயப்படக் கூடாதா?" என்றாள்.

அம்மா மட்டும், "அதுக்கு என் புத்தோ என்னடி பண்ணுச்சு?" என்றாள். நான் அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

சீமோன் மாமா என்னைப் பார்த்தார். "பொண்ணே, உனக்கு என்ன வேணும்? மன்னிப்பா? நஷ்டஈடா?"

எழுந்து நின்றேன். அத்தை பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவள் மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே தேடிப் பார்த்தேன், இல்லை. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டும் வேண்டாம், மாமா. அத்தை தினமும் காலையில சுகாதார நிலையத்துக்கு வரணும். நான் மாத்திரை விழுங்குறதைப் பாக்கணும். ஆறு மாசம் முடியுற வரைக்கும்."

"மிலாதான் பாக்குறாளே?"

"மிலா அக்கா சொன்னா ஊரு நம்பாது. அத்தை சொன்னா நம்பும். அத்தை சொல்லித்தானே இதையும் நம்புச்சு."

சீமோன் மாமாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வெடித்துச் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் செனைதா அத்தையின் உதடும் கோணியது, அக்கா! என் கண்ணால் பார்த்தேன்.

"நான் அந்தப் பக்கம் திரும்புறப்ப இவ துப்பிட்டா?" என்றாள்.

"நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாருங்க" என்றேன்.

"மழை பெஞ்சா?"

"குடை பிடிச்சுக்கிட்டு வா. உனக்குச் சந்தைக்குப் போக மட்டும் மழை தெரியாதோ?" என்றார் சீமோன் மாமா.

இன்னொன்றும் கேட்டேன். என் நாற்காலி வகுப்புக்குள் போக வேண்டும் என்று. பள்ளிக்கூடம் இந்த மன்றத்துக்குக் கீழே வராது என்றார்கள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். பின்வரிசையிலிருந்த தலைவர் அம்பிரோசியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "திங்கக்கிழமை நானே மிலாவைக் கூட்டிக்கிட்டு ஹெட்மாஸ்டரைப் பாக்கறேன். என்னை வராண்டாவுல உக்கார வைக்கிறாங்களான்னு பாப்போம்" என்றார்.

ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். வெறுங்கையோடு மன்றத்துக்குப் போகக் கூடாது என்று அம்மா புத்தோ கொண்டுவந்திருந்தாள். அதை மேசையில் வைத்தாள். சீமோன் மாமா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். எல்லோரும் செனைதா அத்தையைப் பார்த்தார்கள். அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மெதுவாக மென்றாள்.

"சர்க்கரை கம்மி" என்றாள்.

"போன தடவை சாப்பிட்டப்ப அதிகம்னு சொன்ன!" என்றாள் அம்மா. மறுபடி சண்டை. ஆனால் அது பழைய சண்டை, நல்ல சண்டை.

நான் இலோய்லோவுக்கு வரவில்லை, அக்கா. அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே பக்கத்தில் உட்காரட்டும்.

அன்புடன்,
ஆர்லீன்

*

இலோய்லோ
ஆகஸ்ட் 16

என் ஆர்லீனுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் மூத்த வக்கீல், "இந்தப் பெண் இங்கே வேலைக்கு வருவாளா?" என்று கேட்டார். பத்தாவதுகூட முடிக்காதவள் என்றேன். "பரவாயில்லை" என்றார்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்னை ஊரைவிட்டே ஒளிக்கப் பார்த்தேன். அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

செனைதா அத்தைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நம் மொழியில், என் கையால். நோட்டீஸுக்காக மன்னிப்புக் கேட்டேன், அவள் கணவர் இறந்தபோது நாம் யாரும் போகாததற்காகவும்.

நாற்காலி உள்ளே போயிற்றா? அதை எழுது முதலில்.

உன் அக்கா
ரோசலிந்தா

*

மலபோக்
நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

நாற்காலி அந்தத் திங்கட்கிழமையே உள்ளே போய்விட்டது என்று முன்பே எழுதினேன். நீ மறுபடியும் கேட்பதால் மறுபடியும் எழுதுகிறேன்: இரண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். 'வராண்டா ராணி' என்று இன்னும் சிலர் கூப்பிடுகிறார்கள். இப்போது நானும் கையசைக்கிறேன்.

புதுச் செய்திக்கு வருகிறேன். என் மாத்திரை முடிந்துவிட்டது. கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. செனைதா அத்தை ஒரு நாளும் தவறவில்லை. புயல் அடித்த அன்றுகூடத் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்ததாம், ஆனால் புரிந்ததாம். இதை உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

சோதனை முடிவு வந்த அன்று என் கையைப் பிடித்து மீன் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கேட்டுக்கோங்க! இந்தப் பொண்ணுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. நானே பாத்தேன், தினமும் பாத்தேன், நாக்குக்கு அடியில வரைக்கும் பாத்தேன்!" என்று கத்தினாள். மீன்காரிகள் கத்தியைப் பலகையில் தட்டினார்கள். அம்மாவின் கூடை வீட்டுக்குக் காலியாக வந்தது.

ஆனால் அவள் நிறுத்தவில்லை, அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "இன்னொண்ணு. எனக்கும் ரெண்டு மாசமா இருமல். உங்ககிட்ட பயந்துக்கிட்டு மறைச்சு வச்சிருந்தேன். போன வாரம் சளி குடுத்தேன். எனக்கு இருக்கு. இனிமே என் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்னு சொல்றவங்க இப்பவே, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் மட்டும், "எத்தனை மணிக்குத் திறப்பாங்க அங்க? எனக்கும் இருமல்தான்" என்று கேட்டார். மறுநாள் காலை சுகாதார நிலையத்தின் முன்வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். இத்தனை வருடமாக எல்லோரும் பின்பக்கமாகத்தான் வருவார்கள் என்று சொல்லி மிலா அக்கா அழுதுவிட்டாள்.

அத்தைக்கு இன்று முதல் மாத்திரை. தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்ள யார் வேண்டும் என்று மிலா அக்கா கேட்டாள். அத்தை என் பக்கம் விரலை நீட்டினாள். "இவதான். இவ விடமாட்டா."

பள்ளிக்கூடப் பையோடு எதிரில் நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன். "வாயாடி" என்று திட்டிவிட்டுத் தூக்கினாள். நாளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். அத்தை என் கன்னத்தைத் தட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, தெரு நடுவில் நடந்து வீட்டுக்குப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. வக்கீல் உடையை அங்கேயே மாட்டி வைத்துவிட்டு வா. மற்றதெல்லாம் நேரில். இப்போது படுக்க வேண்டும். காலையில் நான் தாமதமாகப் போனால் அத்தை ஊரையே கூட்டிவிடுவாள்.

உன் அன்புத் தங்கை
ஆர்லீன்