சார்ஜ் என்ற சொல்லால் சிறைப்பட்ட கூத்தன்

காந்தள் பூக்கும் மலையும் முத்து விளையும் கடலும் தம் குடைநிழலில் தழைக்க வீற்றிருக்கும் மாறவேள் மகாராஜரின் திருவாணையால், முதலமைச்சன் அருளாகரன் எழுதும் ஓலை. நுரைத்துறைக் காவல் தலைவர் கண்டன் மழவரையர் கண்டு தெளிக. உமது துறைக்கு மரக்கலங்கள் நலமே வந்து சேர்க. உம் குடிகள் பசியும் பிணியும் இன்றி வாழ்க.

திருடன் எனத் தீர்ப்பிட்டு, தலை கொய்ய அரசரின் இசைவும் பெற்று, நீர் சிறையில் வைத்திருக்கும் துறைக்காவலன் கூத்தனைப் பற்றியது இது.

ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஆர்டனின் பண்டகசாலையில் பவளப் பேழை களவுபோனபோது, அவர் கடுஞ்சுரத்தில் கிடந்தார். நீர் விசாரிக்கச் சென்றீர். அவர் கூத்தனைச் சுட்டி, பண்டகசாலையையும் குறித்து, ‘சார்ஜ்’ என்று ஏதோ உரைத்தார். உடனிருந்த துபாஷி நெய்னா அயல்துறை நீதிமன்றமொன்றில் அம்மொழி பயின்றவர். குற்றஞ்சாட்டும் சொல்லாகவே அதை அறிந்தவர். அவ்வாறே பெயர்த்துச் சொன்னார். அன்று மாலையே ஆர்டன் இறந்தார். கூத்தன் மடியில் பண்டகசாலைத் திறவுகோல் இருந்தது. கப்பல் தலைவரே கொடுத்தார் என்று அவன் கதறியதை ஒருவரும் நம்பவில்லை.

பின்னர் ஒரு நாள் நெய்னா வேறு அலுவலாக அக்கப்பலுக்குச் சென்றார். பீரங்கியில் மருந்து கெட்டிப்பதை அங்கே ‘சார்ஜ்’ என்றார்கள். படகுக் கூலியையும் அதே சொல்லால் கேட்டார்கள். அச்சொல்லின் பொருள் முழுதும் கேட்டறிய நெய்னா கப்பல் மருத்துவரிடம் ஓடினார். பகைமேல் பாய்வதும் அச்சொல்லே, ஒருவன் பொறுப்பில் ஒன்றை ஒப்படைப்பதும் அச்சொல்லே என்றார் மருத்துவர். களவுக்குப் பின் ஆர்டன் நம்பியது கூத்தன் ஒருவனையே என்றும், அவன் கையில் அவர் திறவுகோலை வைத்ததைத் தாமே கண்டதாகவும் கூறினார்.

நெய்னா வீட்டுக்கும் போகவில்லை. குதிரையேறித் தலைநகர் வந்து, அரசவையில் தலைப்பாகையைக் கழற்றி வைத்து அழுதார்: “மகாராஜா, அந்த மனுசன் ‘இவன் பொறுப்புல விடுறேன்’னுதான் சொல்லியிருக்காரு. நான்தான் அவனைக் கள்ளன் ஆக்கிப்புட்டேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. மொதல்ல அவனை விடச் சொல்லுங்க!”

அரசர் தாம் முத்திரையிட்ட ஆணையின் படியை வருவித்துப் படித்தார். பிறகு, வேறு எவரையும் கேளாமல் ஒரு சொல்லை நம்பி ஓர் உயிரை எடுக்கத் துணிந்தவர் நெய்னா மட்டும் அல்லர், தீர்ப்பிட்ட நீரும் முத்திரையிட்ட தாமும்கூட என்றருளினார். அன்று அவர் உணவு கொள்ளவில்லை.

பவளம் இன்னும் கிடைக்கவில்லை. எடுத்தவன் யாரென்றும் தெரியவில்லை. அதனைத் தனியே விசாரிப்பீராக.

இவ்வோலை கண்ட கணமே கூத்தனின் விலங்கை உமது கையாலேயே அகற்றி, துறைமக்கள் முன்னிலையில் அவன் குற்றமற்றவன் என்று அறிவிக்கக் கடவீர். வாள் முந்திக்கொண்டதாயின் அப்பழியை எந்நீரால் கழுவுவோம் என்று அறியாமல் இங்கே கலங்கியிருக்கிறோம்.

நெய்னா மன்னிப்பு வேண்டவில்லை. இவ்வோலையைத் தாமே கொண்டுசெல்ல வேண்டினார். அரசர் இசைந்தார். கூத்தன் அவரை நோக்கி என்ன சொன்னாலும், முழுவதையும் அவர் நின்று கேட்கக் கடவர்.

காந்தள் முத்திரை இட்டோம். காலம் தாழ்த்தற்க.