உப்புத்தாள் கோடுகள்

பிப்ரவரி 3, செவ்வாய்
ரியேக்கா நகரை வாடைக்காற்று பிய்த்து எடுக்கிறது. வ்லாட்கோ இன்றும் புரெக் ரொட்டி தின்றுகொண்டே ஆய்வகத்துக்குள் வந்தான். முனைவர் பட்டம் வாங்கியவன், விரலெல்லாம் எண்ணெய். அவன் செய்துகொடுத்த பித்தளை அச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உப்புத்தாளால் தேய்த்து அப்படியே விட்டிருக்கிறான், முழுக்கக் கீறல். இந்த அசிங்கத்தில்தான் இத்தனை மாதமாக ஜெலட்டின் ஊற்றி ஏடு வார்த்திருக்கிறேன்.

அதையும் மீறி, ஏட்டின்மேல் நான் போடும் பூச்சு வேலை செய்கிறது. தசைநாண் செல்கள் அதன்மேல் ஒரே திசையில் வரிசைகட்டி வளர்கின்றன. பூச்சில்லாத ஏட்டிலோ மந்தை மாதிரி சிதறிக் கிடக்கின்றன. நான்கு வருட உழைப்பு, சும்மாவா?

பிப்ரவரி 5
பேராசிரியர் மாட்கோவிச் கூப்பிட்டார். "இருபத்தாறாம் தேதி ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் ஷிமுனிச் வர்றார். அவருக்குப் பிடிச்சா, தசைநாண் அறுந்த முயலுக்கு இந்த ஏட்டை வச்சுப் பார்ப்பார். பிடிக்கலைன்னா, ஜூனுக்கு மேல உன் வேலைக்கு நான் உத்தரவாதம் இல்லம்மா."

ஏன் பிடிக்காது? அந்த அச்சை மட்டும் பளபளப்பாக்க வேண்டும். பெரிய டாக்டர் முன்னால் மானம் போகக்கூடாது.

பிப்ரவரி 6
வ்லாட்கோ: "பாலிஷ் எதுக்கு? பூச்சில்லாத ஏட்டையும் இதே அச்சுல வார்த்துப் பாரேன். அதை மட்டும் எப்பவும் கண்ணாடித் தட்டுலதானே வார்க்கிறே?"

"நீ முதல்ல கையைக் கழுவு."

எனக்கே பாடம் எடுக்கிறான்!

பிப்ரவரி 9
பாலிஷ் ஆயிற்று. முகம் பார்க்கலாம்.

பிப்ரவரி 16
பாலிஷ் போட்ட அச்சில் வார்த்த ஏட்டில் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. அதே பூச்சு, அதே செல்கள் — ஆனால் மந்தை. செல்கள் கெட்டுப்போயினவா? இன்குபேட்டர் சூடு சரியில்லையா? எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று, அச்சைத் தவிர. அதை எழுதவே கை வரவில்லை.

பிப்ரவரி 17
எந்த உப்புத்தாள் என்று வ்லாட்கோவிடம் போய்க் கேட்டேன். "என்ன விஞ்ஞானியம்மா, முகம் பார்த்து முடிச்சாச்சா?" என்றான் பாவி. ஆனால் தாளைக் கொடுத்தான். அச்சை மறுபடி நானே தேய்த்தேன். பூச்சு போட்டது ஒன்று, போடாதது ஒன்று, இரண்டையும் அந்த அச்சிலேயே வார்த்தேன்.

பிப்ரவரி 23
இரண்டிலும் வரிசை. போடாததில் இன்னும் ஒழுங்கு! செல்கள் கீறலைப் பிடித்துக்கொண்டுதான் போயிருக்கின்றன. என் பூச்சை மதிக்கவே இல்லை. அடி மேதையே, நாலு வருஷமா யாருக்குடி பூசினே?

பூச்சு போட்டதை மட்டும் டாக்டருக்குக் காட்டலாம். வ்லாட்கோவுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கமாட்டான் — அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 26
இரண்டையும் வைத்தேன். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டார். "இதுதான் நல்லா வந்திருக்கு. என்ன பூச்சு?"

"பூச்சே இல்ல டாக்டர். அச்சுல இருக்கிற கீறல்தான். அச்சு வ்லாட்கோ செஞ்சது."

பேராசிரியர் என்னை முறைத்தார்.

"பூச்சு இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் டாக்டர். "இருந்திருந்தா அதுக்கு அனுமதி வாங்கவே வருஷக்கணக்கா அலையணும்."

என் நான்கு வருட வேலை அதில் இல்லை என்பதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. முயல் வேலை வ்லாட்கோவுக்கு. ஜூனைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.