உன் ரத்தத்தை நீயே பார்த்த நாள்

இன்று காலை நம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி லேபில் ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றும் இயந்திரம் நின்றுவிட்டது. சர்வீஸ் ஆள் நாவலூரிலிருந்து வர மதியமாகும் என்றார்கள். வார்டுகளிலிருந்து ரத்தம் வந்து குவிந்துகொண்டிருந்தது. அலமாரிக்குள் கைவிட்டுப் பழைய சாயப்புட்டியைத் தேடி எடுத்தேன். ஸ்லைடுகளைக் கம்பிகளின்மேல் அடுக்கி, முன்பு நாம் செய்ததுபோலவே ஒவ்வொன்றாக ஊற்றினேன். மூடியைத் திறந்ததுமே அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. எவ்வளவு தேய்த்தும் விரல்களிலிருந்து ஊதா நிறம் போகவில்லை. குழாயடியில் நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் விரல்கள் எப்போதும் இந்த நிறத்தில்தான் இருக்கும். மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உங்க ஊர்ல மட்டும் தெனம் எலக்சனா?" என்று கேட்டாராம். "ஆமாண்ணா, நாங்களும் ஓட்டு போட்டுகினேதான் கீறோம், ஒருத்தனும் ஜெயிக்க மாட்றான்" என்றாயாம். மறுநாள் நீ அதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில், மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருந்த அணுக்கள் கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

அப்போது எல்லாமே கண்ணும் கையும்தான். ஒரு ஸ்லைடை முடித்து நிமிர்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான ரிசல்ட் மறுநாள்தான் போகும். செங்கல்பட்டுக்காரர்களுக்கு அது பெரிதில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே, உன் குப்பத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். "ரத்தம் குடுக்க ஒரு தபா, பேப்பர் வாங்க ஒரு தபா. ரெண்டு நாளும் கடலுக்குப் போவாத ஆளுக்கு நாம இன்னா பதில் சொல்றது?" என்று கேட்பாய். உன் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அந்த நாட்களின் அருமை உனக்குத் தெரியும்.

அணுக்களை எண்ணும் இயந்திரம் வரப்போகிறது என்றதும் நீதான் முதலில் சந்தோஷப்பட்டாய். எனக்கு உள்ளூரப் பயம். எண்ணுவதையும் அது எடுத்துக்கொண்டால் நமக்கு இங்கே என்ன வேலை என்று புலம்பினேன். "அது எண்ணட்டும்டி. நாம பாப்போம்" என்றாய். எண்ணுவதற்கும் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

இயந்திரம் வந்த வாரம், அதன் கணக்கும் நம் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கச் சொன்னார், ரத்த நோய்களைப் பார்க்கும் நம் டாக்டரம்மா. நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன் நம் ரத்தத்தையே போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். என்னுடையது சரியாக வந்தது. டாக்டரம்மாவுடையதும் சரி. உன்னுடையதை வைத்ததும் திரையில் சிவப்பு எழுத்து. வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு என்று காட்டியது.

"என்னைப் பாத்ததும் மிஷினே பேஜாராயிட்ச்சு பாரு" என்று சிரித்தாய். இன்னொரு முறை போட்டோம். மறுபடியும் சிவப்பு.

நான் ஸ்லைடு போட்டேன். சாயம் காய்ந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தேன். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து வளர வேண்டிய பிஞ்சு அணுக்கள் ரத்தத்தில் நிறைந்து கிடந்தன. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவைதான். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

"இன்னாடி பேச மாட்ற? தள்ளு."

தள்ளி உட்கார்ந்தேன். நீ குனிந்து, யாரோ ஒருவருடைய ஸ்லைடைப் பார்ப்பதுபோல நிதானமாக, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாய். பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "அதான் ரெண்டு வாய் துன்னதுமே வவுறு நெறஞ்சிடுது. மண்ணீரல் வீங்கிகினு கீது." கொஞ்சம் கழித்து, "கணக்கை நீ எழுது." என்றாய்.

எந்த வகை ரத்தப் புற்றுநோய் என்று உறுதிசெய்ய மரபணுச் சோதனை வேண்டும். அது அப்போது நம்மிடம் இல்லை. சென்னைக்கு அனுப்பினோம். நாட்கள் வாரங்களாயின. நீ வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் டாக்டரம்மாவைப் பார்க்க வரும் நாட்களில் மட்டும் உள்ளே வராமல், வெளியே நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாய். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். எத்தனை முறை சொன்னாலும் அவர் உட்காரமாட்டார். உள்ளே வாயேன் என்று நான் கூப்பிட்டபோது, "இரு. இத்தினி வருஷமா கதவுக்கு அந்தப் பக்கமே இருந்துட்டேன். இங்க குந்திகினு இருந்தாத்தான் தெரியுது. கதவு தொறக்கறப்பல்லாம் உசுரு போய்ட்டு வருது" என்றாய்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா உன்னைக் கட்டிக்கொண்டார். மாத்திரையால் அடக்கக்கூடிய வகைதான் அது. "முன்னெல்லாம் இந்த ரிசல்ட்டைக் கையில வெச்சிக்கிட்டு என்ன சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியாது. இப்ப மருந்து இருக்கு" என்றார். முதல் மாதங்களில் உனக்கு முகம் வீங்கியது, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு. பிறகு அணுக்கள் மெல்ல இறங்கி வழிக்கு வந்தன. ஒரு மத்தியானம் என் டப்பாவிலிருந்த தயிர்சாதத்தை முழுக்கத் தின்றுவிட்டு, "வவுத்துல எடம் வந்துட்ச்சுடி" என்று நீ அறிவித்தது நினைவிருக்கிறது.

நோயிலிருந்து தேறியபின் நீ பழைய ஆளாக இல்லை. "மிஷினு ஒரு நிமிசத்துல முடிச்சிடுது. அப்பாலயும் பேப்பர் நாளைக்குத்தான் போவுது. நடுவுல இருக்கற நேரத்தை யாரு துன்றது?" என்று கேட்டாய். பதிலைத் தேடி, வார்டில் ஒருவரிடம் ரத்தமெடுத்த நேரத்திலிருந்து அந்த டியூபின் பின்னாலேயே நடந்தாய். தட்டு நிறையட்டும் என்று அது வார்டு மேசையில் கிடந்தது. இங்கே வந்ததும் பெயர் எழுதக் காத்துக்கிடந்தது. முடிந்தபின் கையெழுத்துக்காகக் கிடந்தது. மிஷினில் ஓடியது கொஞ்ச நேரம், கிடந்ததுதான் மீதி எல்லாம்.

டாக்டரம்மாவோடு நீ போட்ட சண்டைகள் அப்போது ஆரம்பித்தன. தட்டு நிறையக் காத்திருக்க வேண்டாம், வரவர அனுப்பச் சொல்லுங்கள் என்றாய். ரத்தமெடுக்கும் இடத்திலேயே பார்கோடு ஒட்டச் சொன்னாய். தூரத்து ஊர்க்காரர்களை முதலில் முடித்து, கையோடு பேப்பரைக் கொடுத்துப் பஸ் ஏற்றலாம் என்றாய். "வேகம் வேகம்னு போனா தப்பு வரும். இது ரத்தம், இட்லிக் கடை இல்ல" என்று அவர் ஒரு நாள் சத்தம் போட்டார். நீ கோபப்படவில்லை. "சரிதாம்மா. ஒழுங்கா வர்றதை உடனே அனுப்பிடலாம். சிவப்பு காட்றதை நிறுத்தி, கண்ணால பாத்துட்டு அனுப்பலாம்" என்றாய். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அதுதான் இங்கே வழக்கம். எண்ணுவது வேறு, பார்ப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

உன் ரிசல்ட்டும் உடனே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று ஒருமுறை கேட்டேன். நாம் சென்னைக்குப் போகும் வழியில், முட்டுக்காட்டுப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றிருந்தது. கழிமுகத்தைப் பார்த்தபடியே, "உடனேதான் வரணும். ஆனா சொல்றப்ப பக்கத்துல ஒரு ஆள் குந்திகினு இருக்கணும். ரெண்டும் வோணும்" என்றாய்.

அந்த மாத்திரை உன்னைப் பல வருஷம் காத்தது. பிறகு நோய் அதற்குக் கேட்கவில்லை. வேறு மாத்திரை மாற்றினார்கள், அதுவும் கொஞ்ச காலம்தான். கடைசியாக நீ வந்த அன்று உன் நரம்பைத் தேடி ரத்தமெடுத்தது நான். "நீயே பாரு. நான் பாக்க மாட்டேன். ஆனா பொய் சொல்லாதே" என்றாய். பார்த்தேன். வெளியே வந்து, உன்னிடம் உள்ளதைச் சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டு, "எங்க வூட்டுக்காரராண்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாய். உன்னைக் கொண்டுபோன அன்று உன் குப்பத்தில் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. உன் வீட்டுக்காரர் அன்றும் உட்காரவே இல்லை.

இப்போது அந்த மரபணுச் சோதனையை நாமே செய்கிறோம். காலையில் ரத்தம் கொடுத்தால் மத்தியானம் தெரிந்துவிடும். நோயாளியின் போனுக்கு ரிசல்ட் தானாகவே போகும்படி செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி ரிசல்ட்டை மட்டும் அப்படி அனுப்பக் கூடாது, ஆள் நேரில் சொன்ன பிறகுதான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். யாருடைய பிடிவாதம் அது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். மறுக்கவில்லை.

போன மாதம் சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். உனக்கு வந்த அதே நோய். டாக்டரம்மா அவளிடம் சொல்லும்போது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "மாத்திரை துன்னா வேலைக்குப் போலாமாக்கா?" என்று கேட்டாள்.

"போலாம்மா. இங்கயே ஒருத்தி மாத்திரை சாப்பிட்டுகினு வேலைக்கு வந்துகினு இருந்தா."

சொன்ன பிறகுதான் அது உன் பேச்சு என்று என் காதில் விழுந்தது. எங்கள் கோயில் தெரு வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவங்க இப்ப எங்க கீறாங்க?" என்றாள் அந்தப் பெண்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இப்ப இல்லம்மா. ஆனா ரொம்ப வருஷம் நல்லா இருந்தா. அவளுக்குக் கெடைக்காத மருந்தெல்லாம் இப்ப வந்திருக்கு. உன் ரிசல்ட் இன்னிக்கே வந்துச்சு பாரு, அதுக்கு முதல்ல சண்டை போட்டவ அவதான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"அவங்க பேரு இன்னா?"

நீ போன பிறகு இந்த மருத்துவமனையில் உன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றாள். இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னொரு முறை சொன்னேன்.