தங்கராஜுவின் பந்தயமும் அம்மாவின் வேண்டுதலும்

லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷன்
பங்குனி 3, 1936

சிரஞ்சீவி தங்கராஜுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், தங்கச்சி சுகம், மாடும் சுகம், உன் வயிறுதான் சுகமில்லை என்று உன் கடுதாசியில் தெரிகிறது. கோலாலம்பூரில் மூன்று சைக்கிள் பந்தயம் ஓட்டி, மூன்றிலும் புறப்படும் கோட்டில் நிற்பதற்கு முன் வாந்தி எடுத்தேன், கால் நடுங்கியது என்கிறாயே, இதற்கா தினமும் விடிகாலையில் எழுந்து மிதிக்கிறாய்? நம் செம்மண் ரோட்டில் தோட்டத்துத் துரையின் மோட்டாரை முந்தினவன்தானே நீ, அப்போது எங்கே போயிருந்தது இந்த நடுக்கம்? உன்னோடு ஓட்டுகிற சீன வாலிபன் கண்ணை மூடி ஒவ்வொரு வளைவையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான், பஞ்சாபிக்காரர் யாரிடமும் பேசாமல் செயினைத் துடைத்துக்கொண்டே இருப்பார் என்று எழுதினாய். நீயும் கண்ணை மூடிப் பார்த்தாயாம், வளைவு தெரியவில்லை, அம்மா பால்குடத்தோடு நிற்பதுதான் தெரிகிறதாம். படித்ததும் வந்த கோபத்தில் கடுதாசியைக் கசக்கிவிட்டேன், பிறகு நானே நீவி எடுத்து மறுபடி படித்தேன்.

தப்பு என்மேல்தான். நீ ஜெயித்தால் தோட்டத்து லயத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டதை உனக்கு எழுதினவன் நான். அதோடு விட்டேனா, ஸ்டேஷனில் என்னிடம் டிக்கெட் வாங்க வந்தவரிடமெல்லாம் சொன்னேன். இப்போது சாப்பாட்டுக் கடை கிபாயத்துல்லா ராவுத்தர் டீயை வைக்கும் முன்னே, என்னா சின்னத்தம்பி, மகன் எப்ப கப்பு தூக்குறான் என்கிறார். பதில் சொல்லி அலுத்துப்போய் அந்தப் பக்கமே போவதில்லை. சரி, வேண்டுதலை மாற்றிக்கொள் என்று அம்மாவிடம் சொன்னால், சாமிகிட்ட சொன்ன வார்த்தைய மாத்துறதா என்று இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. கடைசியில் உன் கடுதாசியைப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலை மஞ்சள் சேலை கட்டி, மேளம் இல்லை, கூட்டம் இல்லை, உன் அடுத்த பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கும்போதே பால்குடத்தைத் தலையில் வைத்து நடந்துவிட்டாள். நானும் திட்டிக்கொண்டே குடை பிடித்துப் பின்னால் போனேன். பூசாரி, பையன் ஜெயிச்சுட்டானாம்மா என்று கேட்டார். இனிமே அவன் ஜெயிச்சுத்தான் ஆகணும்னு இல்ல சாமி, நான் செலுத்திட்டேன் என்றாள்.

ஆகையால் கண்ணை மூடினால் இனி வளைவை மட்டும் பார். வெறும் வயிற்றில் ஏறாதே, கஞ்சியாவது குடி. மாரியம்மன் உன்னைக் கைகால் சுகத்தோடு வைக்கட்டும். பந்தயம் முடிந்த அன்றே மறக்காமல் ஒரு கார்டு போடு. யார் முதலில் வந்தது என்று எழுத வேண்டாம், சாப்பிட்டாயா என்று எழுது. அம்மா அதைத்தான் கேட்பாள்.

உன் அப்பா
சின்னத்தம்பி