புல எண் 212-இல் விளைந்த கோதுமை 213-இன் பெயரில் அச்சானது குறித்து

அனுப்புநர்:
புல எண் 212-இன் விவசாயி,
பெரிய வாய்க்கால், மேற்குக் கரை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வேளாண் புள்ளியியல் துறை,
தலைநகரம்.

பொருள்: தங்கள் துறை வெளியிட்ட ‘நம் நாட்டு வேளாண்மையும் உணவு உற்பத்தியும்: ஒரு முழுப் பார்வை’ என்ற நூலின் 187-ஆம் பக்கத்தில் என் வயலின் விளைச்சல் என் சகலையின் பெயரில் வந்திருப்பதைத் திருத்தவும், ஏப்ரல் 20 அன்று விதை எடுக்க வரும் லாரியைச் சரியான வயலுக்கு அனுப்பவும் வேண்டி.

பார்வை: மேற்படி நூல், முன்னட்டை முதல் பின்னட்டை வரை, இரண்டு முறை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நூலை எங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் இரவல் வாங்கி முந்நூற்று நாற்பது பக்கங்களையும் படித்தேன். நல்ல நூல். நம் நாட்டின் ஒரு கோடியில் அறுவடை நடக்கும்போது மறுகோடியில் விதைப்பு நடக்கிறது என்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன். தாழ்நிலங்களில் நெல், மலையடிவாரத்தில் மக்காச்சோளம், காய்ந்த சமவெளிகளில் ஆடுமாடு, கடலோரத்தில் மீன் என்று வரைபடத்தில் தனித்தனி நிறம் தீட்டியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் கோதுமைக்கான மஞ்சள். காய்கறிகளில் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்கு இல்லாமல் வழியிலேயே அழுகுவதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கோதுமை நான்கு நாள் ரயிலில் போய்த் துறைமுக நகரத்து பேக்கரிகளில் ரொட்டியாகிறதாம். நான் விளைவிப்பதை யார் சாப்பிடுகிறார்கள் என்று இதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அதற்கு என் நன்றி.

ஆனால் ஐயா, இவ்வளவையும் நான் அறிவுப் பசியால் படிக்கவில்லை. அதில் நான் எங்காவது இருக்கிறேனா என்று தேடித்தான் படித்தேன். அட்டவணை 14-இல் ‘இதர சிறு விவசாயிகள்’ என்ற வரியில் பல லட்சம் பேருடன் நானும் இருக்கிறேன்.

2. 187-ஆம் பக்கத்தில் முழுப் பக்க வண்ணப் படமாக இருப்பவர் என் சகலை. என் மனைவியின் தங்கையை மணந்தவர். அவர் வயல் 213, என் வயல் 212, நடுவில் ஒரே வரப்பு. படத்தில் கையில் ஒரு கோதுமைக் கதிரைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பற்களும் தெரியச் சிரிக்கிறார். (எனக்கு முன்பல் ஒன்று இல்லை. அது இந்த மனுவுக்குச் சம்பந்தமில்லை.) படத்தின் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறீர்கள்: ‘நாட்டிலேயே மிக அதிக விளைச்சல் கண்ட கோதுமை வயல், புல எண் 213. பக்கத்து வயல்காரர் ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதே தன் வெற்றிக்குக் காரணம் என்கிறார் இவர்.’

அந்த ‘ஒருவர்’ நான்.

அவர் கையில் இருக்கும் கதிரும் என்னுடையதே. படம் எடுக்க வந்தபோது வயலில் பயிர் பச்சையாக இருந்தது. முற்றிய கதிர் வேண்டும் என்று புகைப்படக்காரர் கேட்க, சகலை என் வீட்டுக்கு வந்து, ‘அண்ணே, விதைக்குக் கட்டி வச்சிருக்கீங்கல்ல, அதுல ஒண்ணு குடுங்களேன்’ என்றார். உத்தரத்தில் தொங்கிய கட்டிலிருந்து உருவிக் கொடுத்தேன். எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை.

3. இந்தப் பக்கத்தால் எனக்கு ஏற்பட்ட பாதிப்புகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தங்கள் துறை சகலைக்கு அனுப்பிய பிரதியை அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் எங்கள் மாமியாரிடம் கொடுத்துவிட்டார். மாமியார் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அந்த ஆணியில் முன்பு ஒரு நாட்காட்டி இருந்தது. அது நான் கொடுத்தது. எங்கள் மாமனார் விருந்தாளிகளிடம் அவரை ‘மாப்பிள்ளை’ என்றும் என்னை ‘மூத்தவ வீட்டுக்காரர்’ என்றும் அறிமுகம் செய்கிறார். தலைநகரத்தில் நடந்த அதிக விளைச்சல் விருது விழாவில் தங்கள் துறை சகலைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வழங்கியது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் அதை மாட்டுக் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். நான் வரப்பில் நின்றால் அதில் மணி தெரிகிறது. என் வீட்டில் இருந்தால் வாசலைத் திறந்ததும் தெரியும்படி மாட்டியிருப்பேன்.

என் மனைவி இதைப் பொறாமை என்கிறார். நான் மறுக்கவில்லை. வயிறு எரிகிறது ஐயா. ஆனால் எரிகிறவனின் கணக்கு தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

4. பதினோரு ஆண்டுகளாக என் வயலின் தென்மேற்கு மூலையில் விதைக்கென்று தனியாகப் பயிர் செய்கிறேன். ஒவ்வோர் அறுவடையிலும் பெரிய கதிர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த ஆண்டு அங்கே விதைப்பேன். கலவன், அதாவது வேறு ரகப் பயிர், ஒன்றிரண்டு தலைகாட்டினாலும் நானும் மனைவியும் வரிசை வரிசையாக நடந்து பிடுங்கிவிடுவோம். ஒரு பருவத்துக்கு மூன்று முறை நடப்போம். சகலை அப்படியல்ல. விதைப்பு நாளன்று காலையில் கடைக்குப் போய் என்ன மிச்சம் இருக்கிறதோ அதை வாங்கி வருவார். அதில் இரண்டு மூன்று ரகம் கலந்திருக்கும். இப்போது வந்தால் வரப்பில் நின்றபடியே பார்க்கலாம். 212 வெட்டிவிட்டதுபோல் ஒரே மட்டமாக நிற்கும். 213-இல் பள்ளிக்கூட வரிசைபோல் குட்டையும் நெட்டையுமாக நிற்கும்.

5. விளைச்சலை அளக்கும் முறை தாங்கள் அறிந்ததே. தங்கள் அலுவலகத்தில் குலுக்கலில் ஒரு புல எண் எடுக்கப்படும். அந்த வயலில் எத்தனை தப்படி நீளவாட்டில், எத்தனை தப்படி அகலவாட்டில் போக வேண்டும் என்பதும் குலுக்கலில்தான். அங்கே கயிறு கட்டி ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் பிடித்து, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். சென்ற ஏப்ரலில் விழுந்த எண் 212. தலைமை அலுவலகம் போய் வட்டார அலுவலகத்துக்குத் திரும்பி வந்த படிவத்தை நான் நேரில் பார்த்தேன். அளவுப் பணியாளர் தன் கையால் 212 என்றுதான் எழுதியிருக்கிறார். தலைமை அலுவலகத்தில் யாரோ வேறு மையில் கடைசி 2-ஐ 3 ஆக்கியிருக்கிறார். இந்தத் திருத்தமே எல்லாவற்றுக்கும் காரணம்.

6. மேற்கண்ட பத்தியோடு நிறுத்திக்கொள்ளவே நினைத்தேன். மனுவைப் படித்த என் மனைவி, ‘மிச்சத்தையும் எழுதுங்க. இல்லன்னா நானே தனியா ஒரு மனு எழுதுவேன்’ என்று கூறிவிட்டபடியால் எழுதுகிறேன்.

அளவுப் பணியாளர் ஓர் இளம்பெண். கயிறு, நான்கு முளை, தராசு சகிதம் வந்தார். மூலையிலிருந்து தப்படி வைத்து எண்ணிக்கொண்டே போனவர், என் விதைப் பயிரின் நட்ட நடுவில் போய் நின்றார். அது முற்றப் பத்து நாள் இருந்தது. பத்து நாள் முன்னால் அறுத்தால் விதைக்கு ஆகாது. வயல் யாருடையது என்று அவர் கேட்டதும், ‘என் சகலையோடது. அவரைக் கேக்காம கை வைக்காதீங்க’ என்று சொல்லிவிட்டேன். தொலைபேசி எண் கேட்டார். கொடுத்தேன். சகலை பகலில் எவர் அழைத்தாலும் எடுக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் கொடுத்தேன். அன்றோ முதல் மணியிலேயே எடுத்தார். எந்த வயல், என்ன காரியம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘தாராளமா அறுத்துக்குங்கம்மா’ என்றார். எதிரில் நின்ற எனக்கே கேட்டது.

பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்து, ‘நீங்க யாரு சார்?’ என்றார். வரப்பில் நடந்து போகிறவன் என்றேன். அப்படியானால் கயிற்றின் இந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். பதினோரு ஆண்டு உழைப்பை என் கண்ணெதிரே அறுத்தார். அதற்குக் கயிறு பிடித்தவன் நான். தானியம் பத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் நின்றது. தராசு பழுதோ என்று அந்தப் பெண் மறுபடியும் போட்டுப் பார்த்தார். அப்போதாவது இது என் வயல் என்று சொல்லியிருக்கலாம். கயிற்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன்.

உரிமையாளர் என்ற இடத்தில் அவர் சகலையின் பெயரை எழுதினார். சகலையின் நிலம் 213 என்று பதிவேட்டில் இருப்பதைக் கண்ட தலைமை அலுவலகம் எண்ணைப் பெயருக்குப் பொருத்தமாகத் திருத்தியிருக்கிறது. எனவே அளவுப் பணியாளர் மீதோ, திருத்தியவர் மீதோ நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விருதுக் கடிதம் வந்த அன்று சகலை அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தார். ‘அண்ணே, என் வயல்ல இவ்வளவு விளைஞ்சுதா? எனக்கே தெரியாதே’ என்றார். ‘அரசாங்கம் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று பதில் சொன்னேன். அது என் இரண்டாவது தப்பு.

7. இது என் ஒருவனுடைய எரிச்சலாக மட்டும் இருந்திருந்தால் மாமியார் வீட்டுப் பக்கம் போகாமலேயே காலத்தைத் தள்ளியிருப்பேன். ஆனால் போன வாரம் வந்த சுற்றறிக்கையில், வறட்சி கண்ட நான்கு மாவட்டங்களுக்காக 213-இலிருந்து நாற்பது மூட்டை விதை எடுக்க ஏப்ரல் 20 அன்று லாரி வருகிறது என்று கண்டேன். அந்த மாவட்டங்களைப் பற்றித் தங்கள் நூலின் 302-ஆம் பக்கத்தில் இருக்கிறது. போன ஆண்டு அங்கே விதைக்கு வைத்திருந்ததையும் மாவாக்கிச் சாப்பிட்டுவிட்டார்களாம். அந்தப் பக்கத்தில் படம் ஏதும் இல்லை. அவர்களுக்குக் கலப்பு விதையைக் கொடுத்தால் பாதிப் பயிர் முற்றி உதிரும்போது மீதிப் பயிர் பால் பிடித்துக்கொண்டிருக்கும். எப்போது அறுத்தாலும் பாதி நட்டம். இன்னோர் ஆண்டைத் தாங்கும் நிலையில் அவர்கள் இல்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்ன ஒரு பொய் அவ்வளவு தூரம் லாரியேறிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

8. பெயர்த் திருத்தம் கோரும் மனுவில் மறுதரப்பின் கையொப்பமும் வேண்டும் என்று வட்டார அலுவலக எழுத்தர் கூறியதால், நேற்று மாலை மேற்கண்ட ஏழு பத்திகளையும் எடுத்துக்கொண்டு சகலையிடம் போனேன். மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்ததும் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, ‘எங்கண்ணே போடணும்?’ என்றார். படித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். ‘நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்’ என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானே உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். நாட்காட்டி வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் விதையை நான் குறைசொன்ன இடத்தில், ‘உள்ளதுதானே’ என்றார். வயல் என்னுடையது என்ற இடத்தில், ‘அதானே பார்த்தேன், எனக்கு எங்க அவ்வளவு விளையுது’ என்று தலையாட்டினார். அவர் முகம் சுருங்கியது ஒரே ஓர் இடத்தில்தான். படத்தின் கீழே இருந்த வாசகத்தை நிறுத்தி மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

‘ஒருத்தர்னா போட்டிருக்காங்க? நான் அப்படிச் சொல்லலையே. உங்க பேரைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். என்னண்ணே இப்படிப் பண்ணிட்டாங்க.’

ஐயா, நான் ஓராண்டாக இங்கே அவர்மேல் எரிந்துகொண்டிருந்தேன். அவர் தலைநகரம் வரை போய் என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் அதை என்னிடம் சொல்லிக் காட்டவும் இல்லை. அவர் வயலைப் பார்த்து நான் பொறாமைப்பட ஒன்றுமில்லை என்று மேலே நிரூபித்திருக்கிறேன். இப்போது வந்திருப்பது வேறு பொறாமை. இது என்னை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை. இதற்குத் தங்கள் துறையிடம் பரிகாரம் கேட்கவும் இல்லை.

9. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து:

அ) ஏப்ரல் 20 அன்று வரும் லாரியை 212-க்கு அனுப்ப வேண்டுகிறேன். சென்ற ஆண்டு அறுபடாமல் மிஞ்சிய மூலைப் பயிரின் விதையைத்தான் இவ்வாண்டு வயல் முழுவதும் விதைத்திருக்கிறேன். நாற்பது மூட்டை தேறும். அதற்கு முன் ஓர் அலுவலர் வந்து இரண்டு வயல்களையும் பார்த்தால் நல்லது. இம்முறை கயிற்றை என் வயல் என்று சொல்லியே பிடிப்பேன்.

ஆ) அடுத்த பதிப்பில் புல எண்ணை 212 என்று திருத்த வேண்டுகிறேன்.

இ) 187-ஆம் பக்கப் படத்தை நீக்க வேண்டும் என்று இம்மனுவின் முதல் படியில் எழுதியிருந்தேன். அந்தக் கோரிக்கையைக் கைவிடுகிறேன். படம் அப்படியே இருக்கட்டும். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அதன் கீழே ‘ஒருவர்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அவர் தங்களிடம் சொன்ன பெயரை அச்சிட வேண்டுகிறேன்.

தங்கள் பதிலை வரப்பில் நின்று எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
புல எண் 212-இன் விவசாயி

இடம்: பெரிய வாய்க்கால், மேற்குக் கரை
நாள்: மார்ச் 11

மேற்கண்டவை அனைத்தையும் கேட்டறிந்து ஒப்புக்கொள்பவர்:
(ஒப்பம்)
புல எண் 213-இன் விவசாயி

குறிப்பு: இரண்டாவது கையொப்பத்தின் மேல் இருப்பது மோட்டார் கிரீஸ். திருத்தம் என்று கொள்ள வேண்டாம்.