நேசம் கேட்ட மன்னிப்பு

ஜூன் 10, செவ்வாய்

பின்னேரம் பக்கத்து வயல்காரி நேசம் வாசலில வந்து நிண்டாள். "இரி பிள்ள" எண்டன். இருக்கல்ல.

"அக்கா, உங்கட வயலப் பாத்து ஆசைப்பட்டுப் போட்டன். வாய்க்கால் தண்ணி முதல்ல உங்களுக்குத்தானே பாயுது. எங்களுக்கு வரக்குள்ள பயிர் வாடிப்போகுது. இந்த வயல் எனக்குக் கிடைச்சிருந்தால் எண்டு எத்தினையோ நாள் நினைச்சிட்டன். மன்னிச்சிருங்க."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "நீ ஒண்டும் எடுக்கல்லயே பிள்ள."

"எடுத்தாத்தானா அக்கா? களவெடுக்காதே எண்டது எட்டாவது கட்டளை. அயலவன்ட பொருளுக்கு ஆசைப்படாதே எண்ட பத்தாவது மனசைத்தானே கேக்குது."

இருபது வருசமா ஞாயிறு பாடசாலையில பத்துக் கட்டளையும் படிப்பிக்கிறவள் நான். அயலவன்ட வீடு, மாடு, கழுதை எண்டு பிள்ளைகளை ஒப்பிக்க வைச்சதோட சரி. பேராசையும் விக்கிரக வணக்கம்தான் எண்டு வேதத்தில அப்போஸ்தலன் பவுல் எழுதினதையும் விளக்கியிருக்கன். ஒருநாளாவது இப்பிடி ஒருத்தர்ட வாசலில போய் நிண்டிருக்கனா? என்ன மனசு அவளுக்கு!

அவள் போன பிறகுதான் எனக்கு எங்கட வரம்பு ஞாபகம் வந்தது. எங்கட ரெண்டு வயலுக்கும் நடுவில ஒரு வரம்புதான். ஒவ்வொரு போகமும் அதை என்ட பக்கம் செதுக்கி, அவள்ட பக்கம் சேறு வைச்சுக் கட்டுறன். வரம்பு கொஞ்சம் கொஞ்சமா அவள்ட வயலுக்குள்ள போய்க்கொண்டே இருக்குது.

அந்த வரம்பாலதான் அவள் தினமும் நடக்கிறாள். தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும், தன்ட ஆசைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டிட்டுப் போயிருக்கிறாள்.